புதிய பாடத்திட்டம்: முதலில் கேட்க வேண்டியது பாடவேளைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பாடத்திட்டம் மாறப்போகிறது என்று எந்த நாட்டு அரசு அறிவித்தாலும், பத்திரிகை விவாதம் எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்பதிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. வரலாற்றுப் பாடத்தில் யார் பெயர் விட்டுப்போனது என்பதற்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. அந்த விவாதமும் தேவைதான். ஆனால் ஒரு சீர்திருத்தம் வகுப்பறையில் காலூன்றுமா, மூன்றாம் ஆண்டே மூட்டை கட்டப்படுமா என்பது பெரும்பாலும் மூன்று கணக்குகளைப் பொறுத்தது: ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு எத்தனை பாடவேளை உண்மையில் கிடைக்கிறது, பொதுத்தேர்வு எப்போது மாறுகிறது, எந்த வகுப்பு எந்த ஆண்டில் மாறுகிறது. இவை முடிவாகும் முன்பே நடைமுறைக்கு வரும் தேதியை மேடையில் அறிவித்துவிட்டு, பிறகு எல்லா வேலையையும் அந்தத் தேதிக்குள் திணிப்பதுதான் பெரும்பாலான சறுக்கல்களுக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து. பாடத்திட்டம் வகுப்பதிலும் பாடநூல் எழுதுவதிலும் ஈடுபட்டிருப்பவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஆவணங்களின் வரிசை. மேலே கல்விக் கொள்கை. அதன் கீழ் கலைத்திட்ட வடிவமைப்பு, அதாவது எதை, ஏன், எப்படிக் கற்பிப்பது என்பதன் ஒட்டுமொத்தச் சட்டகம். அதன் கீழ் வகுப்புவாரியான பாடத்திட்டமும், மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் கற்றல் விளைவுகளும். அதற்கும் கீழே பாடநூல், ஆசிரியர் கையேடு, வினாத்தாள் வடிவமைப்பு. இந்தியாவில் 2020-இல் கொள்கை, 2022-இல் அடிப்படை நிலைக்கான (3 முதல் 8 வயது வரை) கலைத்திட்டம், 2023-இல் பள்ளிக்கல்வி முழுமைக்குமான கலைத்திட்டம் என்று வந்தது இந்த வரிசையில்தான். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு படிக்கும் ஆட்கள் வேறு. கொள்கையில் ‘பாடச்சுமை குறைக்கப்படும்’ என்று எழுதியவரும், எட்டாம் வகுப்பு அறிவியலில் பதினெட்டாவது அலகைச் சேர்த்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்கமாட்டார்கள். கணித, அறிவியல் கற்றலை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் டிம்ஸ் ஆய்வை நடத்தும் பன்னாட்டு அமைப்பு கலைத்திட்டத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது: அரசு எண்ணியது, ஆசிரியர் நடத்தியது, மாணவர் பெற்றது. அரசுகள் செலவிடும் காலத்தில் பெரும்பகுதி முதலாவதற்கே போய்விடுகிறது.

பாடவேளைக் கணக்குக்கு வருவோம். ஃபின்லாந்து தன் அடிப்படைக் கல்விக்கான புதிய கலைத்திட்டத்தை 2014 டிசம்பரில் இறுதி செய்தது. ஆனால் எந்தப் பாடத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை பாடவேளை என்பதை 2012-லேயே அரசாணையாக வெளியிட்டுவிட்டது. பாடப்பொருள் எழுதியவர்கள் அந்த எல்லைக்குள் எழுதியாக வேண்டியிருந்தது. பல நாடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: பொருளை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் நேரத்தைத் தேடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 35 கற்பித்தல் வாரங்கள், ஒரு பாடத்துக்கு வாரம் 5 பாடவேளை என்றால் தாளில் 175 கிடைக்கும். பருவத்தேர்வுகள், விடைத்தாளைத் திருப்பித் தந்து பேசும் நாட்கள், விழாக்கள், ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாட்கள், எதிர்பாராத விடுமுறைகள் ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் 35 போய்விடும். மிச்சம் 140. திருப்புதலுக்கும், பின்தங்கியவர்களுக்கு மறுபடி சொல்லித் தருவதற்கும் 20 வைத்தால் கையில் நிற்பது 120. இப்போது வரைவில் 48 கற்றல் விளைவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குச் சராசரியாக மூன்றரைப் பாடவேளை என்றால் 168 வேண்டும். எழுதும் குழு இந்த 168-ஐ 175-உடன் ஒப்பிட்டு, ஏழு மிச்சம் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. ஒப்பிட வேண்டிய எண் 120. அதற்குள் 34 விளைவுகள்தான் அடங்கும். 14 வெளியே போக வேண்டும். அவற்றை எழுதும் மேசையில் நீக்காவிட்டால், ஆண்டுக் கடைசியில் ஆசிரியர் நீக்குவார். அப்போது எது முக்கியம் என்று பார்த்து நீக்க அவருக்கு நேரம் இருக்காது. புத்தகத்தின் பின்பகுதியில் எது இருக்கிறதோ அது போகும். புள்ளியியலும் சூழலியலும் பல பள்ளிகளில் நடத்தப்படாமலேயே போவது அவை கடைசி அலகுகளாக வைக்கப்படுவதால்தான்.

இந்தப் பெருக்கம் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் வருவதில்லை. இங்கிலாந்தில் 1988 சட்டத்தின்படி வந்த முதல் தேசியக் கலைத்திட்டத்தைப் பாடவாரியாகத் தனித்தனிக் குழுக்கள் எழுதின. ஒவ்வொரு குழுவும் தன் பாடத்துக்கு நியாயம் செய்தது. கூட்டிப் பார்த்தால் பள்ளி நாளுக்குள் அடங்கவில்லை. 1993-இல் ஆசிரியர்கள் தேசியத் தேர்வுகளைப் புறக்கணிக்கும் அளவுக்குப் போனது. அதன்பிறகு அரசு கேட்டுக்கொண்டபடி ரான் டியரிங் நடத்திய மறுஆய்வு பாடப்பொருளைக் குறைத்து, அடுத்த ஐந்தாண்டுக்குப் பெரிய மாற்றம் வராது என்ற உறுதியையும் சேர்த்துத் தந்தது. ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அதே நேர அளவுள்ள இன்னொன்றைப் பெயர் சொல்லி நீக்க வேண்டும் என்ற விதியைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வைத்துவிட்டால் இந்தச் சங்கடம் பாதி தீரும். முதல் கூட்டத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஐந்தாவது கூட்டத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

குறைப்பதிலும் கணக்குத் தவறலாம். ஜப்பான் 1998-இல் அறிவித்து 2002-இல் நடைமுறைப்படுத்திய திருத்தத்தில் பாடப்பொருளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைக் குறைத்தது. அதே நேரத்தில் சனிக்கிழமைப் பள்ளியும் முழுமையாக நின்று, பாடவேளைகளும் குறைந்தன. பொருள் குறைந்தால் மிஞ்சியதை ஆழமாக நடத்த நேரம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இதனால் பெருமளவு அடிபட்டுப்போனது. பதினைந்து வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா தேர்வின் 2003 முடிவுகளுக்குப் பிறகு கண்டனம் வலுத்தது. 2008 திருத்தத்தில் பொருளும் நேரமும் மறுபடி கூட்டப்பட்டன. குறைப்பே தவறு என்று இதைக் காட்டிப் பேசுகிறவர்கள் நேரமும் சேர்ந்து குறைந்ததைச் சொல்வதில்லை.

பாடங்களுக்கு இடையிலான வரிசை இன்னொரு குழி. இயற்பியல் ஆசிரியர் முதல் மாதத்திலேயே வெக்டரையும் வகையிடலையும் பயன்படுத்தியாக வேண்டும். கணித ஆசிரியர் அதை ஆண்டுக் கடைசியில்தான் தொடுவார். கீழ்வகுப்பில் அடர்த்திக் கணக்கு வரும்போது தசம வகுத்தல் இன்னும் வந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. ஒரு நீளத்தாளில் மாதங்களை நெடுக்காகவும் பாடங்களை குறுக்காகவும் போட்டு, ஒவ்வொரு அலகுக்கும் முன்தேவை என்ன என்று எல்லாப் பாடக் குழுக்களும் ஒரே அறையில் உட்கார்ந்து குறித்தால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். குழுக்கள் வேறு வேறு கட்டடங்களில் வேலை செய்வதால் அந்த இரண்டு நாள்தான் கிடைப்பதில்லை.

அடுத்து தேர்வு. கற்றல் விளைவை எழுதும்போதே அதற்கான வினாவையும் மதிப்பெண் பங்கீட்டையும் பக்கத்திலேயே எழுதிப் பார்க்க வேண்டும். ‘பின்னங்களைப் புரிந்துகொள்கிறார்’ என்று ஒரு வரி வரைவில் இருக்கும். இதைக் கொண்டு ஆசிரியரும் ஒன்றும் செய்ய முடியாது, வினாத்தாள் அமைப்பவரும் ஒன்றும் செய்ய முடியாது. ‘வெவ்வேறு பகுதிகள் கொண்ட இரு பின்னங்களை ஒப்பிட்டு, எது பெரிது என்பதற்குக் காரணம் சொல்கிறார்’ என்றால் வேலை தொடங்கிவிடும். வினா: 3/5, 4/7 இவற்றில் எது பெரியது? ஏன்? விடைக்கு 1 மதிப்பெண், காரணத்துக்கு 2. பொதுப்பகுதி 35-க்கு மாற்றினால் 21/35, 20/35. ஆகவே 3/5 பெரியது. இரண்டு எண்ணும் பெரிதாக இருப்பதால் 4/7 தான் பெரியது என்று நினைக்கும் பிள்ளை இந்த வினாவில் அகப்படும். படம் வரைந்து காட்டுகிற பிள்ளைக்கும் காரணத்துக்குரிய மதிப்பெண் உண்டா என்ற கேள்வி உடனே எழும். ஆனால் இங்கே வித்தியாசம் 1/35 மட்டுமே என்பதால், கையால் வரைந்த படம் அதைக் காட்டாது. படத்துக்கு மதிப்பெண் தர வேண்டுமானால் எண்களை மாற்ற வேண்டும். இந்தச் சின்னச் சண்டைகள் எல்லாம் வரைவு நிலையிலேயே நடந்து முடிய வேண்டியவை. நடக்காவிட்டால் விளைவு ‘காரணம் சொல்கிறார்’ என்று இருக்கும், பொதுத்தேர்வு ‘பொதுப்பகுதி காண்க’ என்று கேட்கும், பள்ளிகள் தேர்வைத்தான் பின்பற்றும். பள்ளிகளை அதற்காகக் குறை சொல்லவும் முடியாது.

தேர்வு பின்தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து சான்று. 2010-இல் பள்ளிகளுக்கு வந்த அதன் கலைத்திட்டத்தை 2021-இல் ஓஇசிடி (பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பு) ஆராய்ந்தபோது, மேல்வகுப்புத் தேர்வுகள் கலைத்திட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தவில்லை என்பதை முக்கியக் குறையாகச் சுட்டியது. தேர்வு முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலம் சான்று. 2010-இல் அமெரிக்காவில் பல மாநிலங்களுக்குப் பொதுவாக வெளியான பொது அடிப்படைத் தரநிலைகளின் (காமன் கோர்) படி 2013 வசந்தத்திலேயே அங்கே தேர்வு வைத்தார்கள். மாநிலம் தயாரித்துவந்த பாடத்தொகுப்புகள் பள்ளிகளுக்கு முழுமையாக வந்து சேர்ந்திருக்கவில்லை. மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தகுதிநிலை அடைந்தவர்கள் மொழியிலும் கணிதத்திலும் 31 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டு, பழைய தேர்வில், மொழியில் 55, கணிதத்தில் 65. பிள்ளைகள் ஓராண்டில் மக்காகிவிடவில்லை, அளவுகோல் மாறியது. அந்த மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடும் இணைத்தார்கள். 2015-இல் பெற்றோர் எதிர்ப்பால் ஐந்தில் ஒரு பிள்ளை தேர்வே எழுதவில்லை.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. ஜப்பானில் 2022-இல் மேல்நிலைப் பள்ளிக்கு வந்த புதிய கலைத்திட்டத்தின் முதல் மாணவர் அணி 2025 ஜனவரியில் பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத்தேர்வை எழுதியது. அதில் புதிதாகச் சேர்ந்த தகவலியல் பாடத்துக்கான மாதிரி வினாக்கள் 2021-லேயே வெளியாகிவிட்டன. அதாவது அந்த மாணவர்கள் மேல்நிலைப் பள்ளியில் காலடி வைக்கும் முன்பே. மாதிரி வினாத்தாளும் விடைக்குறிப்பும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வெளியாக வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம், வழிகாட்டி நூல் எழுதுகிறவர்களும் தனிப்பயிற்சி நடத்துகிறவர்களும் அந்த இடைவெளியைத் தங்கள் ஊகத்தால் நிரப்பிவிடுவார்கள் என்பதே. ஊகம் ஒருமுறை அச்சாகிவிட்டால் அரசின் விளக்கத்தை யாரும் படிப்பதில்லை.

எந்த வகுப்பு எப்போது மாறுகிறது என்பதில் நடக்கும் தவறு வெளியே தெரிவதே இல்லை. ஒரு தலைப்பு ஏழாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு இறக்கப்படுகிறது என்று கொள்வோம். ஆறும் ஏழும் ஒரே ஆண்டில் மாறினால், அந்த ஆண்டு ஏழாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் அந்தத் தலைப்பை எங்குமே படிப்பதில்லை. ஆறில் பழைய புத்தகம், ஏழில் புதிய புத்தகம். இரண்டிலும் அது இல்லை. இரண்டு ஆண்டு கழித்து ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர், ‘இந்த அணிக்கு அடிப்படையே இல்லை’ என்பார். ஃபின்லாந்து 2016-இல் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை மாற்றிவிட்டு, ஏழு, எட்டு, ஒன்பது ஆகியவற்றை 2017, 2018, 2019 என்று ஆண்டுக்கு ஒன்றாக மாற்றியது. பிரான்ஸ் 2016-இல் நடுநிலைப் பள்ளியின் நான்கு வகுப்புகளையும் ஒரே நாளில் மாற்றியது. நான்கு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியர் நான்கு புதிய பாடத்திட்டங்களை ஒரே கோடை விடுமுறையில் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இடம் மாறிய தலைப்புகளின் பட்டியலை எடுத்து, சிக்கிக்கொள்ளும் ஒவ்வொரு வகுப்புக்கும் தனியாக இணைப்புப் பாடம் எழுத வேண்டும். அதற்கும் மேலே சொன்ன 120-லிருந்துதான் நேரம் எடுக்க வேண்டும். கென்யாவில் சிக்கல் வேறு மாதிரி. 2023 ஜனவரியில் திறன் அடிப்படையிலான புதிய முறையின் முதல் அணி ஏழாம் வகுப்பை எட்டியபோது அந்த வகுப்புகள் தொடக்கப் பள்ளி வளாகத்திலேயே வைக்கப்பட்டன. அந்த வளாகங்கள் ஆய்வகத்தையோ பாடவாரி ஆசிரியர்களையோ எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல.

பாடநூலைப் பற்றி எழுதினால் தனிக் கடிதமாகிவிடும். கையெழுத்துப்படி, பாட வல்லுநர் மேலாய்வு, மொழிச் செம்மை, படங்களும் நிலப்படங்களும், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, அச்சு, வினியோகம் ஆகிய எட்டுப் படிகளில் முதலாவதில் ஏற்படும் தாமதத்தை எல்லாரும் மெய்ப்பு நாட்களிலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். விடைப்பக்கத்தில் பிழை மலிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அச்சுக்கு முன் வகுப்பறை முன்னோட்டம் நடத்தினால், தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல பள்ளிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அங்கே எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக நடத்தும் பள்ளி ஒன்றாவது முன்னோட்டத்தில் இல்லை என்றால் அதை முன்னோட்டம் என்று சொல்வதற்கில்லை. பதிவு செய்ய வேண்டியதும் ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்ற வாக்கியம் அல்ல: எத்தனை நிமிடம் ஆனது, எந்த வரியைப் பிள்ளைகள் தவறாகப் படித்தார்கள், எந்தச் செயல்பாட்டை ஆசிரியர் தாண்டிப் போனார்.

மொழிநடையைக் கவனிக்காமல் விட்டதற்குத் தென்னாப்பிரிக்கா தந்த விலை பெரிது. நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1997-இல் அறிவிக்கப்பட்டு 1998-இல் முதல் வகுப்பில் தொடங்கிய ‘கலைத்திட்டம் 2005’ நல்ல நோக்கத்தோடு வந்தது. ஆனால் அதில் 66 தனி விளைவுகள், அவற்றின் மேல் மதிப்பீட்டு நியதிகள், வீச்சுக் குறிப்புகள், செயல்திறன் குறிகாட்டிகள் என்று அடுக்கடுக்காகக் கலைச்சொற்கள். எந்த வாரம் எதை நடத்துவது என்பது மட்டும் இல்லை. 2000-இல் அமைந்த மறுஆய்வுக் குழு கட்டமைப்பின் சிக்கலையும் புரியாத மொழியையும் பயிற்சிக் குறைவையும் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. 2002-இல் ஒரு திருத்தம் வந்தது. 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த திட்டத்தில் பருவவாரியாகத் தலைப்பும் நேரமும் குறிக்கப்பட்டன. நல்ல வசதியும் தேர்ந்த ஆசிரியர்களும் உள்ள பள்ளிகள் முதல் திட்டத்தையும் சமாளித்தன. எந்தப் பள்ளிகளுக்காக அந்த மாற்றம் கொண்டுவரப்பட்டதோ அவைதான் திணறின.

ஆசிரியர் பயிற்சியில் அடுக்குமுறைதான் எங்கும் பழக்கம். மேல்நிலைக் கருத்தாளர்களுக்கு ஐந்து நாள், அவர்கள் பயிற்றுவிக்கும் மாவட்டக் கருத்தாளர்களுக்கு மூன்று நாள், வகுப்பறை ஆசிரியருக்கு ஒரு நாள் என்று இறங்கும்போது, மேல்மடையில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேராத கதைதான். கடைசி ஆசிரியருக்குக் கிடைப்பது ஒரு படவில்லைத் தொகுப்பு. ஒரே ஒரு நாள்தான் தர முடியும் என்றால் அந்த நாளில் தத்துவம் வேண்டாம். முதல் பருவத்தின் இரண்டு அலகுகளை உண்மையான புத்தகத்தை வைத்து நடத்திக் காட்டட்டும், ஆறாவது வாரத்தில் இன்னொரு அரை நாள் கொடுத்து எங்கே சிக்கியது என்று கேட்கட்டும். தலைமையாசிரியருக்கும் பள்ளி ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கு முன்பாகவே பயிற்சி நடக்க வேண்டும். ஆய்வுப் படிவத்தில் ‘எத்தனை பாடம் முடிந்தது?’ என்ற கட்டம் இருக்கும்வரை, கலைத்திட்டம் என்ன சொன்னாலும் ஆசிரியர் ஓடிக்கொண்டுதான் இருப்பார். ஒரு பக்கப் படிவத்தைத் திருத்துவதற்குச் செலவே இல்லை. ஆனாலும் அது எந்தச் சீர்திருத்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

பொதுமக்கள் கருத்துக் கேட்பு இப்போது வழக்கமாகிவிட்டது. வரைவை இணையத்தில் போட்டு ஒரு மாதம் அவகாசம் தருகிறார்கள். வருகிற கருத்துகள் பெரும்பாலும் மொழியையும் வரலாற்றையும் பற்றியவை. பின்னத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பக்க எண், விளைவு எண் வாரியாகக் கருத்துப் படிவம் கொடுத்து, எது ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்ற அட்டவணையை வெளியிட்டால் ஆசிரியர்கள் எழுதுவார்கள். பதில் வராத இடத்துக்கு இரண்டாம் முறை யாரும் எழுதமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. புதிய பாடத்திட்டம் பலன் தந்ததா என்று ஐந்தாண்டு கழித்துக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. பழைய திட்டத்தில் படித்தவர்கள் என்ன அறிந்திருந்தார்கள் என்று யாரும் அளந்து வைத்திருக்கமாட்டார்கள். பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடு இதற்கு உதவாது, ஏனென்றால் வினாத்தாளும் சேர்ந்தே மாறிவிடுகிறது. செய்ய வேண்டியது எளியது: பழைய திட்டத்தின் கடைசி அணியிலிருந்து எல்லா வகைப் பள்ளிகளும் அடங்கும்படி ஒரு மாதிரிக்கூறு எடுத்து, இரு திட்டங்களுக்கும் பொதுவான பாடப்பகுதிகளில் ஒரு சிறு தேர்வு வைத்து, அந்த வினாக்களை வெளியிடாமல் பூட்டி வைப்பது. புதிய திட்டத்தின் முதல் அணி அதே நிலைக்கு வரும்போது அதே வினாக்களைக் கொடுத்து ஒப்பிடலாம். கடைசி அணி பள்ளியை விட்டுப் போனபின் இதைச் செய்ய வழியே இல்லை. ஆகவே குழு அமைத்த அறிவிப்பு வெளியாகும் மாதத்திலேயே இதற்கான நிதியும் பொறுப்பாளரும் முடிவாகியிருக்க வேண்டும். தங்கள் செய்தியாளர்கள் அமைச்சரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாடத்திட்டம், பாடநூல் ஆக்கப் பணியில் உள்ள ஆசிரியர்கள்